கோரம் சேர்ந்தால் வெளிச்சம்: பாக்டீரியாக்களின் பேச்சைக் கற்ற கதை

திருவள்ளூர் மாவட்டத்தில் மீஞ்சூருக்குக் கிழக்கே காட்டுப்பள்ளி என்றொரு கடலோரக் கிராமம் இருக்கிறது. 2010ஆம் ஆண்டு ஜூலையில் அங்கே கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஒன்று திறக்கப்பட்டது. சென்னைக்காக நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் தயாரிக்கும் திறன் கொண்டது. கடல்நீரை மிக அதிக அழுத்தத்தில் ஒரு மெல்லிய சவ்வின் மீது தள்ளினால் உப்பு இந்தப் பக்கமே தங்கிவிடும், தண்ணீர் மட்டும் அந்தப் பக்கம் போகும். பாடப் புத்தகத்தில் இதற்கு எதிர்ச் சவ்வூடுபரவல் என்று பெயர். வீட்டில் ஆர்.ஓ. என்றால் எல்லோருக்கும் புரியும்.

இந்த மாதிரி ஆலைகளுக்கு உப்பைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. வழவழப்பு! கடல்நீரில் இருக்கும் பாக்டீரியாக்கள் சவ்வின் மேல் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு பசை போன்ற ஒன்றைச் சுரந்து, அதற்குள்ளேயே குடித்தனம் நடத்த ஆரம்பித்துவிடுகின்றன. கோயில் குளத்துப் படியில் கால் வழுக்குகிறதே, அதே சமாச்சாரம்தான் (அங்கே பாசியும் சேர்ந்திருக்கும்). இதை உயிர்ப்படலம் என்கிறார்கள். படலம் தடிக்கத் தடிக்க நீர் வருவது குறையும். அதே அளவு நீர் வேண்டுமென்றால் அழுத்தத்தைக் கூட்ட வேண்டும். அழுத்தத்தைக் கூட்டினால் மின்சாரச் செலவு ஏறும்.

குளோரின் போட்டுக் கொன்றுவிட வேண்டியதுதானே என்று தோன்றும். அங்கேதான் சிக்கல். இந்தச் சவ்வுகள் பெரும்பாலும் பாலிஅமைடால் ஆனவை. குளோரின் பாலிஅமைடைக் கெடுத்துவிடும். எனவே ஆரம்பத்தில் குளோரின் சேர்த்தாலும், நீர் சவ்வை எட்டுவதற்கு முன்பே வேறொரு வேதிப்பொருளைப் போட்டு அதை முறித்துவிட வேண்டும். அதுவரை தப்பிப் பிழைத்த பாக்டீரியாக்களுக்கு அதற்கப்புறம் கேட்பார் இல்லை. நூற்றுக்கு 99 செத்தாலும் மீதி ஒன்று போதும், மறுபடியும் ஊர் உண்டாகிவிடும்.

காட்டுப்பள்ளியிலிருந்து கொஞ்சம் வடக்கே போனால் பழவேற்காடு ஏரி வருகிறது. அந்தக் கரையோரம் பொன்னேரி, கும்மிடிப்பூண்டி வட்டங்களில் இறால் பண்ணைகள் உண்டு. இறால் வளர்ப்பவர்களுக்கும், அவர்களுக்குக் குஞ்சு தரும் பொரிப்பகங்களுக்கும் இன்னொரு பாக்டீரியா எதிரி. அதன் பெயர் விப்ரியோ ஹார்வியி. இது தாக்கினால் இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்க்கும்போது தொட்டியில் இறால் குஞ்சுகள் நீலப் பச்சையாக மினுமினுக்கும். பார்க்க அழகுதான். ஆனால் காலையில் தொட்டியின் அடியில் செத்த குஞ்சுகள் குவிந்து கிடக்கும். (2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலைகள் நீலமாக ஒளிர்ந்ததே, அது வேறு. அது நாக்டிலூகா என்ற ஒரு செல் உயிரியின் வேலை.)

சவ்வின் மேல் படியும் வழவழப்புக்கும் தொட்டியில் மினுங்கும் இறாலுக்கும் என்ன சம்பந்தம்? இரண்டிலுமே பாக்டீரியாக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்கின்றன. தனித்தனியாக இருக்கும்போது சும்மா இருப்பவை, கூட்டம் சேர்ந்ததும் எல்லாமாகச் சேர்ந்து ஒரே காரியத்தில் இறங்குகின்றன. இந்தப் பேச்சை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான், எப்படி அதைக் கற்றுக்கொண்டு புதிதாக எழுதப் பார்த்தான் என்பது ஐம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட சரித்திரம்.

பாக்டீரியா என்றால் தனித்தனி உயிர், தின்னும், இரண்டாகப் பிளக்கும், அவ்வளவுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 1965இல் அலெக்சாண்டர் டோமாஷ் என்பவர் நிமோனியா பாக்டீரியாவில் ஒரு விசித்திரத்தைப் பார்த்தார். அவை அக்கம்பக்கத்தில் கிடக்கும் டி.என்.ஏ.வை உள்ளே இழுத்துக்கொள்ளத் தயாராவதற்கு, தாங்களே வெளியே விடும் ஹார்மோன் போன்ற ஒரு பொருள் காரணம் என்றார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை.

அடுத்த துப்பு கடலிலிருந்து வந்தது. ஹார்வர்டில் வுட்லண்ட் ஹேஸ்டிங்ஸ் என்பவரின் ஆய்வகத்தில் ஒளிரும் கடல் பாக்டீரியாக்களை வளர்த்துக்கொண்டிருந்தார்கள். புதிய ஊட்டக் கரைசலில் கொஞ்சம் பாக்டீரியாவை விட்டால் அவை பெருகிக்கொண்டே போகும், ஆனால் ஒளிராது. ஒரு கட்டத்தில் திடீரென்று வெளிச்சம் கிடுகிடுவென்று ஏறும். ஏன் இந்தத் தாமதம்? கரைசலில் ஒளியைத் தடுக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது, பாக்டீரியாக்கள் அதைத் தின்று தீர்த்த பிறகு ஒளிர்கின்றன என்று 1968இல் ஒரு விளக்கம் வந்தது. அதற்கும் ஆதாரம் இருந்தது. ஆனால் அது முழுக் காரணம் இல்லை. 1970இல் கென்னத் நீல்சன், டெர்ரி பிளாட், ஹேஸ்டிங்ஸ் மூவரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நன்றாக ஒளிரும் கூட்டத்திலிருந்து பாக்டீரியாக்களை நீக்கிவிட்டு, அந்தக் கரைசலை மட்டும் எடுத்துப் புதிய பாக்டீரியாக்களுக்குக் கொடுத்தால் அவை சீக்கிரமே ஒளிர ஆரம்பித்தன! அப்படியானால் பழைய கூட்டம் கரைசலில் ஏதோ ஒரு பொருளை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. தகவலைத் தண்ணீரில் எழுதி வைத்துவிட்டுப் போன மாதிரி.

இதையும் உடனே யாரும் நம்பிவிடவில்லை. விளக்குப் போடும் பாக்டீரியா ஏதோ கடலில் ஒரு விதிவிலக்கு என்றே பலர் நினைத்தார்கள். 1981இல் எபர்ஹார்டும் சகாக்களும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து அதன் வேதி அமைப்பைச் சொன்னார்கள். ஹோமோசெரின் லாக்டோன் என்ற சிறு வளையத்தில் ஒரு கொழுப்பு வால். சுருக்கமாக ஏ.எச்.எல். என்பார்கள். சின்ன மூலக்கூறு, செல்லின் சவ்வைத் தாண்டி உள்ளேயும் வெளியேயும் எளிதாகப் போய்வரும்.

1983தான் இந்தக் கதையின் திருப்புமுனை. ஜோஆன் எங்கெப்ரெக்ட், நீல்சன், மைக்கேல் சில்வர்மன் மூவரும் விப்ரியோ ஃபிஷெரி என்ற பாக்டீரியாவின் ஒளி மரபணுக்களை மொத்தமாக வெட்டி எடுத்து, நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவுக்குள் வைத்தார்கள். கடலையே பார்த்திராத ஈ.கோலை ஒளிர்ந்தது! அதுவும் கூட்டம் சேர்ந்த பிறகுதான் ஒளிர்ந்தது. அதாவது ஒளி மட்டுமல்ல, பேச்சும் சேர்ந்தே இடம் மாறிவிட்டது. பேச்சுக்குத் தேவை இரண்டே மரபணுக்கள். லக்ஸ்-ஐ என்பது வாய்: ஏ.எச்.எல்.லைத் தயாரிக்கும். லக்ஸ்-ஆர் என்பது காது: ஏ.எச்.எல். போதுமான அளவு சேர்ந்ததும் அதைப் பிடித்துக்கொண்டு ஒளி மரபணுக்களை முடுக்கிவிடும். வாயையும் காதையும் கழற்றி வேறொரு உயிரில் மாட்டலாம் என்பது அன்றைக்கே தெரிந்துவிட்டது. ஆனால் அதை வைத்துப் புதிதாக ஏதாவது செய்யலாம் என்று யோசிக்க இன்னும் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

அந்தப் பாக்டீரியாவுக்கு ஒளி எதற்கு என்பதும் சுவையான கதை. ஹவாய்த் தீவுக் கடலில் கட்டைவிரல் அளவில் ஒரு கணவாய் இருக்கிறது. அதன் வயிற்றுப் பக்கம் ஒரு சிறு ஒளி உறுப்பு. அதற்குள் விப்ரியோ ஃபிஷெரி நெருக்கியடித்துக்கொண்டு வாழ்கிறது. நிலா வெளிச்சத்தில் நீந்தும்போது கணவாயின் நிழல் கீழே விழாமல் இருக்க இந்த ஒளி உதவுகிறது. கடலில் தனியாக மிதக்கும்போது ஒளிர்ந்தால் வீண் செலவு, யாருக்கும் லாபமில்லை. கணவாய்க்குள் கோடிக்கணக்கில் சேர்ந்திருக்கும்போது ஒளிர்ந்தால்தான் பிரயோசனம். எத்தனை பேர் இருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்துவிட்டு வேலையை ஆரம்பிப்பது புத்திசாலித்தனம்தானே.

1994இல் ஃபுக்வா, வினன்ஸ், கிரீன்பெர்க் மூவரும் இதற்கு 'கோரம் சென்சிங்' என்று பெயர் வைத்தார்கள். நம் ஊரில் இதை விளக்கவே வேண்டாம். 'கோரம் இல்லாததால் கூட்டம் ஒத்திவைப்பு' என்று செய்தித்தாளில் எத்தனை முறை படித்திருப்போம்! குறைந்தபட்ச எண்ணிக்கை சேராமல் தீர்மானம் போட முடியாது. அதே விதிதான் பாக்டீரியாவுக்கும். என்ன, இங்கே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துக்குப் பதிலாக ஆளுக்குக் கொஞ்சம் ஏ.எச்.எல்.

இதே சமயத்தில் சில்வர்மனின் ஆய்வகத்தில் சேர்ந்த பானி பாஸ்லர் என்ற பெண்மணி, நம் இறால்களைக் கொல்லும் விப்ரியோ ஹார்வியியை எடுத்துக்கொண்டார். அது ஒரு மொழி அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட மொழிகள் பேசுவதைக் கண்டார். ஒன்று தன் இனத்தோடு பேச. ஏ.ஐ.-2 என்று பெயரிடப்பட்ட இன்னொன்று பல இன பாக்டீரியாக்களுக்கும் பொதுவானது. அந்த ஏ.ஐ.-2 மூலக்கூறின் உள்ளே போரான் அணு இருப்பது 2002இல் தெரிய வந்தது. உயிரினங்களில் போரானுக்கு அபூர்வமாகவே வேலை இருக்கும், எனவே அது பெரிய ஆச்சரியம்.

பாஸ்லர் அமெரிக்காவில் ஹார்வியியின் இலக்கணத்தைப் படித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இந்தியாவின் கிழக்குக் கடற்கரையில் இறால் வளர்ப்பு ஜுரம் அடித்துக்கொண்டிருந்தது. வரி இறாலுக்கு வெளிநாட்டில் நல்ல விலை. நெல் வயல்கூடக் குட்டையானது. 1994-95இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகளைத் துடைத்துப்போட்டது. அது வைரஸ். பொரிப்பகங்களில் ஹார்வியி தன் பங்குக்குக் குஞ்சுகளைக் கொன்றது. நிலத்தடி நீர் உப்பாகிறது, விளைநிலம் பாழாகிறது என்று காந்தியவாதி எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 11இல் உச்ச நீதிமன்றம் கடலோர இறால் பண்ணைகளுக்கு எதிராகக் கடுமையான தீர்ப்பு கொடுத்தது. பிறகு 2005இல் கடலோர நீருயிரி வளர்ப்பு ஆணையச் சட்டம் வந்து பண்ணைகளைப் பதிவு செய்யும் முறை ஏற்பட்டது. அந்த அரசியல் தனிக் கட்டுரைக்கான விஷயம். இங்கே நமக்கு வேண்டியது ஒன்றுதான்: குஞ்சு சாகும்போது பொரிப்பகக்காரர் கையில் இருந்த ஆயுதம் ஆன்டிபயாடிக்.

அந்த ஆயுதம் சீக்கிரமே மழுங்கியது. மங்களூரைச் சேர்ந்த இந்திராணி கருணாசாகர், இத்யா கருணாசாகர் தம்பதியர் குழு 1994இலேயே ஒரு கட்டுரையில் எழுதிவிட்டார்கள்: இறால் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் சாகக் காரணம் ஆன்டிபயாடிக்குக்குக் கட்டுப்படாத ஹார்வியி. போதாக்குறைக்கு, ஏற்றுமதி இறாலில் குளோரம்பெனிகால், நைட்ரோஃபியூரான் எச்சம் இருக்கிறதா என்று 2000களின் தொடக்கத்தில் ஐரோப்பிய நாடுகள் துருவிப் பார்க்க ஆரம்பித்தன. இந்தியாவிலும் இந்த மருந்துகளுக்குத் தடை வந்தது. கொல்லும் மருந்து வேலையும் செய்யாது, போட்டால் சரக்கும் திரும்பி வரும் என்ற நிலை.

இப்போது காட்சி அமெரிக்காவின் எம்.ஐ.டி.க்கு மாறுகிறது. அங்கே டாம் நைட் என்ற கணினிப் பொறியாளர் இருந்தார். கணினிகளை வடிவமைத்துப் பெயர் எடுத்தவர். சிலிக்கான் சில்லைச் சிறிதாக்கிக்கொண்டே போவதற்கு ஓர் எல்லை உண்டு, அதற்கப்புறம் உயிர்தான் என்று 1990களில் முடிவுகட்டி, நடுவயதில் மாணவர்களோடு உட்கார்ந்து உயிரியல் படித்தார். அவருடைய மாணவர் ரான் வைஸ். இவர்கள் இருவரும் 2000இல் 'நுண்ணுயிர் ரோபோக்களுக்கான தகவல்தொடர்பு' பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். செய்தது எளிமையானது. ஒரு ஈ.கோலை கூட்டத்துக்கு லக்ஸ்-ஐ, அதாவது வாய் மட்டும். இன்னொரு கூட்டத்துக்கு லக்ஸ்-ஆர், அதாவது காது மட்டும். காது உள்ள கூட்டத்தில் ஒளி மரபணுவுக்குப் பதில் பச்சை ஒளிர் புரதம். முதல் கூட்டம் சொன்னது, இரண்டாவது கூட்டம் பச்சையாகியது. கடல் பாக்டீரியாவிடமிருந்து இரவல் வாங்கிய சொல் முதன்முறையாக மனிதன் எழுதிய வாக்கியத்தில் வந்தது.

அதே 2000 ஜனவரியில் நேச்சர் இதழில் இரண்டு கட்டுரைகள் ஒன்றாக வந்தன. செயற்கை உயிரியல் என்ற துறையின் பிறந்தநாளாகப் பலர் இதைத்தான் சொல்கிறார்கள். ஒன்றில் எலோவிட்ஸும் லைப்லரும் ஈ.கோலைக்குள் மூன்று மரபணுக்களால் ஒரு கடிகாரம் செய்திருந்தார்கள். ஒன்று மற்றதை அடக்க, அது அடுத்ததை அடக்க, செல் விட்டு விட்டு ஒளிரும். ஆனால் ஒவ்வொரு செல்லின் கடிகாரமும் வெவ்வேறு நேரம் காட்டியது! கல்யாண மண்டபத்தில் ஆளுக்கொரு தாளம் போட்ட மாதிரி. எல்லாம் ஒரே தாளத்துக்கு வர வேண்டுமானால் ஒன்றையொன்று கேட்க வேண்டும். அதற்குப் பத்து ஆண்டுகள் ஆயின. 2010இல் கலிஃபோர்னியாவின் சான் டியாகோவில் ஜெஃப் ஹேஸ்டியின் குழு கடிகாரத்தோடு ஏ.எச்.எல். பேச்சை இணைத்தது. ஆயிரக்கணக்கான பாக்டீரியாக்கள் ஒன்றாக ஒளிர்ந்து ஒன்றாக அணைந்தன.

இடையில் 2004இல் வந்த ஓர் ஆய்வுதான் இந்த வரலாற்றிலேயே மிக முக்கியமானது என்று சொல்லலாம். லிங்சாங் யூ, வைஸ், பின்னாளில் (2018) நோபல் பரிசு பெற்ற ஃபிரான்சிஸ் அர்னால்ட் ஆகியோர் அடங்கிய குழு அது. பாக்டீரியாவின் பேச்சை அதன் சாவோடு முடிச்சுப் போட்டார்கள். கூட்டம் பெருகினால் ஏ.எச்.எல். கூடும்; ஏ.எச்.எல். கூடினால் செல்லைக் கொல்லும் ஒரு மரபணு விழித்துக்கொள்ளும், சில செல்கள் சாகும், கூட்டம் குறையும், பேச்சும் குறையும். ஆக மொத்தம், வெளியிலிருந்து யாரும் தொடாமலேயே ஜனத்தொகை ஓர் அளவில் நின்றது. மருந்து போட்டுக் கொல்லாமல், பேச்சைத் திருத்தி எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தலாம் என்பதற்கு இது நேரடி நிரூபணம். காட்டுப்பள்ளி சவ்வுக்கும் மரக்காணம் பொரிப்பகத்துக்கும் வேண்டியது இதுதானே?

ஆனால் அதிலேயே ஓட்டையும் இருந்தது. கூட்டத்துக்காகச் சாக வேண்டும் என்ற சட்டத்தை மீறும் ஒரு செல் வந்தால் என்ன ஆகும்? பிளக்கும்போது தற்செயலாகக் கொலை மரபணு கெட்டுப்போன செல் சாகாது, பெருகும். அதன் பிள்ளைகளும் சாகா. பெரிய குடுவையில் வளர்த்தபோது சில நாட்களிலேயே இப்படிப்பட்ட 'ஏமாற்றுக்காரர்கள்' கூட்டத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 2005இல் மிக மிகச் சிறிய அறைகளில், கொஞ்சம் செல்களை மட்டும் வைத்து வளர்த்தபோதுதான் ஏற்பாடு நெடுநாள் தாக்குப்பிடித்தது. செல் குறைவாக இருந்தால் பிறழ்வு வரும் வாய்ப்பும் குறைவு. ஆய்வகத்தில் அது சரி. ஒரு இறால் குட்டையில் எத்தனை செல்கள் இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அதே 2005இல் சுபாயு பாசு, வைஸ் முதலியோர் பேச்சைக் கொண்டு படம் வரைந்தார்கள். தட்டின் நடுவில் பேசும் செல்கள். சுற்றிலும் கேட்கும் செல்கள். ஏ.எச்.எல். நடுவில் அதிகம், தூரம் போகப் போகக் குறைவு. குறிப்பிட்ட அளவு ஏ.எச்.எல். இருந்தால் மட்டும் ஒளிரும்படி கேட்கும் செல்களை அமைத்ததால் வண்ண வட்டங்கள் தோன்றின. பேசும் செல்களை இடம் மாற்றி வைத்து இதய வடிவம்கூட வரைந்து காட்டினார்கள். கருவில் ஒரே மாதிரி செல்கள் எப்படிக் கையாகவும் காலாகவும் ஆகின்றன என்ற பெரிய கேள்விக்கு இது ஒரு பொம்மை மாதிரி.

இந்தியாவும் சும்மா இருக்கவில்லை. கொல்கத்தா சாகா அணு இயற்பியல் நிறுவனத்தில் சங்ராம் பாக் தலைமையிலான குழு, பல வகை ஈ.கோலை செல்களை ஒவ்வொன்றும் ஒரு நியூரான் போல வேலை செய்யும்படி மாற்றியமைத்து, வேலையைப் பங்குபோட்டுக் கணக்கிட வைத்தது. 2024இல் வெளியான அவர்களின் ஆய்வில், வேதிப்பொருள்கள் இருக்கிறதா இல்லையா என்ற வடிவில் 0 முதல் 9 வரை ஒரு எண்ணைக் கொடுத்தால் அது பகா எண்ணா என்று பாக்டீரியாக்கள் ஒளிர்ந்து பதில் சொல்லின. இது பேச்சைவிட வேலைப் பிரிவினை பற்றியதுதான். ஆனாலும் தனி செல்லால் முடியாததைக் கூட்டத்தால் செய்வது என்ற அதே பாதை.

சவ்வுக்கு வருவோம். அமெரிக்காவில் தாமஸ் வுட் என்பவரின் குழு 2012இல் உயிர்ப்படலத்தையே பேச வைத்தது. முதலில் ஒரு வகை பாக்டீரியா படலம் கட்டும். பிறகு வேறொரு வகை வந்து, கோரம் சேர்ந்ததும் ஒரு சமிக்ஞை கொடுக்கும். அதைக் கேட்டு முதல் வகை கலைந்து போய்விடும். கடைசியில் ஒரு வேதிப்பொருளைச் சேர்த்தால் இரண்டாவது வகையும் இடத்தைக் காலி செய்யும். வாடகைக்காரரைச் சண்டையில்லாமல் காலி செய்ய வைத்த மாதிரி! 2016இல் இன்னும் ஒரு படி. நீர் வடிகட்டும் சவ்வின் மேல் நல்ல பாக்டீரியாக்களைத் தாங்களே குடியேற்றினார்கள். அவை தங்கள் எண்ணிக்கையைத் தாங்களே உணர்ந்து படலம் தடிக்காமல் பார்த்துக்கொள்ளும். கூடவே நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து கெட்ட பாக்டீரியாக்கள் படலம் கட்டாமல் விரட்டும். வழவழப்பை வழவழப்பால் தடுப்பது.

பிறகு ஏன் இது நம் கடற்கரைக்கு வரவில்லை? ஏமாற்றுக்காரர் தொல்லை ஏற்கெனவே பார்த்ததுதான். இரண்டாவது, ஏ.எச்.எல். மொழி ஒட்டுக்கேட்கப்படும். கடல்நீரில் அதே மொழியையோ அதன் கிளைமொழியையோ பேசும் எத்தனையோ பாக்டீரியாக்கள் உண்டு. நாம் ஒருவரிடம் சொன்னதை இன்னொருவர் தப்பாகக் கேட்டு வேறு காரியத்தில் இறங்கலாம். மூன்றாவது, சட்டம். மரபணு மாற்றிய நுண்ணுயிர்களை வெளியே விடுவதைக் கட்டுப்படுத்த இந்தியாவில் 1989இலேயே விதிகள் வந்துவிட்டன. நாளைக்கே ஒருவர் மாற்றிய பாக்டீரியாவைப் பழவேற்காட்டில் கொட்டிவிட முடியாது. முடியவும் கூடாது. ஏரியில் மீன் பிடித்துப் பிழைக்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களைக் கேட்காமல் செய்யக்கூடிய பரிசோதனை அல்ல அது.

இதற்குப் பழைய உதாரணம் ஒன்று இதே கடற்கரையில் உண்டு. எண்ணெய் தின்னும் பாக்டீரியாவை உருவாக்கிய ஆனந்த மோகன் சக்கரவர்த்திக்கு 1980இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் காப்புரிமை வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. உயிருள்ள ஒன்றுக்குக் காப்புரிமை என்பதால் உலகமே பேசிய வழக்கு. ஆனால் அந்த பாக்டீரியா கடலில் விடப்படவே இல்லை. 2017 ஜனவரி 28இல் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையில் ஒதுங்கியபோது, மாணவர்களும் மீனவர்களும் கடலோரக் காவல்படையினரும் பிளாஸ்டிக் வாளியால்தான் அள்ளினார்கள். தீர்ப்பு வந்து 36 ஆண்டுகள் கடந்த பிறகு!

மூடிய பெட்டிக்குள் வைத்துப் பயன்படுத்துவது கொஞ்சம் எளிது. ஹேஸ்டியின் குழு 2012இல் பேசும் கடிகார பாக்டீரியாக்களைக் கண்ணாடிச் சில்லில் ஆயிரக்கணக்கான சிறு காலனிகளாக வளர்த்தது. காலனிக்குள் ஏ.எச்.எல். பேச்சு, காலனிக்கும் காலனிக்கும் இடையே ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி வழியே பேச்சு. எல்லாம் ஒன்றாகச் சிமிட்டும். நீரில் ஆர்சனிக் இருந்தால் சிமிட்டும் வேகம் மாறும். ஒரு செல் தனியாகச் சொன்னால் நம்ப முடியாது, ஊரே சேர்ந்து சொன்னால் நம்பலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் போல ரசாயனத் தொழிற்சாலைகளும் உருக்காலைகளும் நிறைந்த இடங்களில் ஓடை நீரை ஓயாமல் கவனிக்க இப்படிப்பட்ட கருவி பொருத்தமாக இருக்கும். பாக்டீரியா வெளியே போக வேண்டிய அவசியமில்லை, நீர்தான் அதைத் தேடி உள்ளே வரும்.

பேச வைப்பதைவிட வாயை அடைப்பது சுலபம் என்பதையும் இந்த வரலாறு காட்டுகிறது. இதில் இயற்கை நமக்கு முன்னோடி. ஆஸ்திரேலியாவில் டெலிசியா என்ற சிவப்புக் கடற்பாசியின் மேல் மட்டும் பாக்டீரியாப் படலம் அவ்வளவாகப் பிடிப்பதில்லை. அது சுரக்கும் ஃபியூரனோன் என்ற பொருள் பாக்டீரியாவின் காதை அடைத்துவிடுகிறது என்று 1990களில் தெரிந்தது. 2000இல் சிங்கப்பூரில் லியான்ஹுய் ஜாங் குழு, பேசில்லஸ் என்ற மண் பாக்டீரியாவில் ஏ.எச்.எல். வளையத்தை உடைக்கும் நொதி ஒன்றைக் கண்டது. கடிதம் போய்ச் சேருவதற்கு முன்பே கிழித்துவிடுவது இதன் வேலை. 2009இல் தென்கொரியாவின் சியோலில் சுங்-ஹக் லீ குழு, கழிவுநீர் சுத்திகரிக்கும் சவ்வுத் தொட்டியில் இதே போன்ற நொதியைப் பயன்படுத்தி, சவ்வு அடைபடுவதைத் தாமதப்படுத்தியது.

தமிழ்நாட்டில் இந்தத் துறையில் அதிகம் உழைத்தவர்கள் காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் கருத்தபாண்டியன் தலைமையிலான குழுவினர். பாக் நீரிணைக் கடலிலிருந்து பாக்டீரியாக்களைப் பிரித்து, அவை மற்ற பாக்டீரியாக்களின் உயிர்ப்படலத்தைத் தடுக்கின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். 2010இல் அவர்கள் வெளியிட்ட இன்னொரு ஆய்வு நம் வீட்டுக் கொல்லையைப் பற்றியது: அன்னாசி, வாழை, சப்போட்டா, துளசி ஆகியவற்றின் சாறு பாக்டீரியாவின் ஏ.எச்.எல். பேச்சைக் குழப்புகிறது. இதைக் கண்டுபிடிக்கும் முறை அழகானது. குரோமோபாக்டீரியம் என்ற பாக்டீரியா பேச்சு நடந்தால் ஊதா நிறமாகும். சாற்றைச் சேர்த்ததும் பாக்டீரியா உயிரோடு இருக்கிறது, ஆனால் ஊதா மட்டும் வரவில்லை என்றால், அதைக் கொல்லாமல் பேச்சை மட்டும் நிறுத்தியாயிற்று என்று பொருள். கொல்லாததால் மருந்தை எதிர்த்து நிற்க வேண்டிய அவசரம் பாக்டீரியாவுக்குக் குறைவு என்பது இந்த முறையின் மேல் உள்ள நம்பிக்கை. பேச்சை நிறுத்துவதையும் எதிர்க்கும் பாக்டீரியா வரலாம் என்று எச்சரிப்பவர்களும் உண்டு.

ஹார்வியியைப் பொறுத்தவரை பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதன் பேச்சைக் கெடுத்தால் சிறிய உப்புநீர் இறாலான ஆர்ட்டீமியாவைக் கொல்லும் திறன் குறைவதைக் காட்டினார்கள். மங்களூர்க் குழுவோ வேறு வழியில் போய், ஹார்வியியைத் தின்னும் வைரஸ்களைக் கொண்டு பொரிப்பகக் குஞ்சுகளைக் காப்பாற்றலாம் என்று 2007இல் எழுதியது.

இன்று இறால் பண்ணைக்காரர்கள் 'புரோபயாடிக்' என்று மூட்டையில் வாங்கி, வெல்லப்பாகும் தண்ணீரும் சேர்த்து ஊறவைத்துக் குட்டையில் வீசுகிறார்களே, அதில் பெரும்பாலும் இருப்பது மரபணு மாற்றாத, இயற்கையான பேசில்லஸ் வகைகள். ஏ.எச்.எல்.லை உடைக்கும் நொதி பல பேசில்லஸ் வகைகளிடம் இருக்கிறது. ஆனால் குட்டையில் அவை விப்ரியோவின் பேச்சைத்தான் கெடுக்கின்றனவா, அல்லது அதன் சோற்றைப் பிடுங்கித் தின்றுவிட்டு இடத்தைப் பிடித்துக்கொள்கின்றனவா என்பதில் ஆய்வாளர்களிடையே இன்னும் ஒரே கருத்து இல்லை.